கையுறை விரலைத் தெரியாத போனுக்கு சாசேஜ் மட்டும் எப்படித் தெரிந்தது?

2010 ஜனவரி 4ஆம் தேதி சியோல் நகரில் 25.8 சென்டிமீட்டர் பனி கொட்டியது. 1937இல் அங்கே பனியை முறையாக அளக்கத் தொடங்கியதிலிருந்து ஒரே நாளில் அவ்வளவு விழுந்ததில்லை. தென் கொரியாவில் ஐபோன் விற்பனைக்கு வந்தது அதற்குச் சுமார் ஐந்து வாரம் முன்பு, 2009 நவம்பர் 28 அன்று. புதுசாகப் போன் வாங்கிய ஆயிரக்கணக்கான பேர், சுழியத்துக்குக் கீழே பத்து டிகிரியையும் தாண்டிப் போகும் குளிரில், பஸ் நிறுத்தத்தில் கம்பளிக் கையுறையோடு நின்றுகொண்டு திரையைத் தேய் தேய் என்று தேய்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் நகரவில்லை. கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துப்போகும், கழற்றாவிட்டால் போன் எடுக்க முடியாது.

யாரோ ஒருத்தர் பையில் கிடந்த சாசேஜை எடுத்துத் தேய்த்திருக்கிறார். வேலை செய்திருக்கிறது!

இது கடையில் சமைக்கக் கிடைக்கும் உறைந்த சாசேஜ் இல்லை. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கடலைமிட்டாய் தொங்குவது மாதிரி கொரியாவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், பிளாஸ்டிக் உறையில் அடைத்த, அப்படியே உரித்துத் தின்னும் விரல் பருமன் இறைச்சிப் பண்டம். சிஜே நிறுவனத்தின் மேக்ஸ்போங் என்பது அதில் பிரபலமானது. அந்தக் குளிர்காலத்தில் அதன் விற்பனை கூடிவிட்டது, ஐபோன்காரர்கள்தான் காரணம் என்று பிப்ரவரியில் செய்தி வந்து உலகம் முழுக்கச் சுற்றியது. விற்பனைக் கதையை நான் பாதிதான் நம்புகிறேன். நொறுக்குத்தீனி விற்பனை கூடுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், இது சொல்லச் சுவையான காரணம், அவ்வளவுதான். ஆனால் சாசேஜ் திரையில் வேலை செய்தது உண்மை, நானே செய்து பார்த்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன். செய்தியைப் படித்துச் சிரித்துவிட்டுப் போன பலர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு, இந்த ஆய்வு முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

எங்கே கேட்டாலும் வரும் பதில் இது: தொடுதிரை மின்கடத்தும் பொருளைத்தான் உணரும், நம் விரலில் உப்பும் தண்ணீரும் இருப்பதால் அது கடத்தும், சாசேஜிலும் உப்பும் தண்ணீரும் இருக்கிறது, ஆகவே அதுவும் விரல் மாதிரி. சரி. ஆனால் அந்த பஸ் நிறுத்தத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உள்ளங்கைக்கும் சாசேஜுக்கும் நடுவே கம்பளிக் கையுறை இருக்கிறது, கம்பளி மின்சாரம் கடத்தாது. சாசேஜுக்கும் திரைக்கும் நடுவே அதன் பிளாஸ்டிக் உறை, அதுவும் கடத்தாது. உறைக்கு அந்தப் பக்கம் போனின் கண்ணாடி, அதுவும் கடத்தாது. மூன்று கடத்தாப் பொருள் வரிசையாக நிற்கும்போது எந்த மின்சாரம் எந்த வழியாகப் போகிறது? அதே கையுறை விரல் நுனியில் இருந்தால் போன் கண்டுகொள்ளவில்லை, உள்ளங்கையில் இருந்தால் மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டதா?

முதலில் ஒரு சின்ன விலகல். அதே குளிர்காலத்தில் கொரியாவில் ஐபோனுக்குப் போட்டியாக சாம்சங்கின் ஓம்னியா 2 போன் விற்றுக்கொண்டிருந்தது. அது வைத்திருந்தவருக்கு சாசேஜ் தேவைப்படவில்லை. அதன் திரை ரெசிஸ்டிவ் வகை: மேலே வளையும் பிளாஸ்டிக் படலம், கீழே இன்னொரு தளம், இரண்டின் உட்புறத்திலும் மின்கடத்தும் பூச்சு, நடுவில் மயிரிழை இடைவெளி. அழுத்தினால் மேல் படலம் வளைந்து கீழே தொடும், தொட்ட இடத்தில் நிஜமாகவே மின்னோட்டம் பாயும், மின்னழுத்தத்தை வைத்து இடம் தெரியும். அழுத்துவது விரலா, கையுறையா, பேனா மூடியா என்ற கவலையே அதற்கு இல்லை. வேடிக்கை என்னவென்றால், தொட்டால் உண்மையிலேயே மின்சாரம் கடந்துபோகும் திரை அதுதான், அதற்கு உங்கள் விரல் கடத்த வேண்டிய அவசியமே கிடையாது. பழைய ஏடிஎம்களில் நகத்தால் குத்தினால்தான் நகரும் திரைகளில் பலவும் இந்த வகைதான்.

ஐபோன் திரை கெப்பாசிட்டிவ் வகை. ஐடியா புதிது இல்லை. இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் இருந்த ராயல் ரேடார் ஆராய்ச்சி நிலையத்தில் ஈ. ஏ. ஜான்சன் என்பவர் 1965இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக. எழுபதுகளில் செர்ன் ஆய்வகத்தில் ஃபிராங்க் பெக்கும் பென்ட் ஸ்டம்ப்பேயும் துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்காக ஒளி ஊடுருவும் கெப்பாசிட்டிவ் திரை செய்தார்கள். கையடக்கப் போனுக்கு அது வந்து சேர 2007 ஆகிவிட்டது.

உள்ளே நடப்பது இதுதான். கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற, கண்ணுக்குத் தெரியாத ஆனால் மின்சாரம் கடத்தும் பூச்சால் நீளவாக்கில் சில கோடுகள், குறுக்குவாக்கில் சில கோடுகள், கயிற்றுக் கட்டில் பின்னல் மாதிரி. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொடாது. ஒரு திசைக் கோடுகளில் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கும் சின்ன மின்னழுத்தத்தைக் கொடுக்கிறார்கள். மற்ற திசைக் கோடுகள் காது வைத்துக் கேட்கின்றன. இரண்டு கோடும் குறுக்கிடும் ஒவ்வொரு இடமும் ஒரு குட்டி மின்தேக்கி, பிளஸ் டூ இயற்பியலில் படித்த அதே மின்தேக்கிதான். இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள மின்புலம் கண்ணாடிக்கு மேலேயும் கொஞ்சம் வளைந்து எட்டிப் பார்க்கும். அங்கே ஒரு விரல் வந்தால் அந்தப் புலத்தில் ஒரு பங்கு விரலுக்குள் போய்விடும், கேட்கும் கோட்டுக்கு அந்த அளவு குறையும். குறைந்ததைத்தான் போன் அளக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சந்திப்புகளில் எவ்வளவெவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட்டு, கோடுகளின் இடைவெளியை விட நுணுக்கமாக விரலின் நடுப்புள்ளியைக் கணக்குப் போட்டு எடுக்கிறது. இந்த முழுச் சுற்றையும் நொடிக்கு அறுபது தடவையாவது செய்கிறது, இப்போதைய போன்களில் இன்னும் அதிகம்.

இதில் விரலும் கோடும் ஒன்றையொன்று தொடவே இல்லை, நடுவில் கண்ணாடி இருக்கிறது. நேர்மின்னோட்டமாக இருந்தால் கண்ணாடி தடுத்திருக்கும், கதை முடிந்திருக்கும். ஏறி இறங்கும் மின்னழுத்தத்துக்குக் கடத்தாப் பொருள் சுவர் இல்லை. ஒரு பக்கத்து மின்னூட்டம் ஏறினால் மறுபக்கம் எதிர் மின்னூட்டம் கூடும், இறங்கினால் கலையும், அந்த ஆட்டமே மின்னோட்டம். கண்ணாடியைத் தாண்டும் அதே மாதிரிதான் கம்பளியையும் பிளாஸ்டிக்கையும் தாண்டுகிறது. அப்படியானால் கேட்க வேண்டியது கடத்துமா கடத்தாதா என்பது இல்லை, எவ்வளவு தாண்டும் என்பது. அதற்கு இரண்டே விஷயம்தான் முக்கியம்: எதிரெதிரே நிற்கும் பரப்பு எவ்வளவு, நடுவில் உள்ள தடிமன் எவ்வளவு. பரப்பு கூடினால் அதிகம், தடிமன் கூடினால் குறைவு. இடையில் இருக்கும் பொருளைப் பொறுத்து ஒரு பெருக்கல் எண் உண்டு, கண்ணாடிக்கு அது ஏழு அளவில், உள்ளே பெரும்பாலும் காற்றே இருக்கும் கம்பளிக்கு ஒன்றுக்குச் சற்று மேலே.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். விரல் நுனி திரையில் படியும் பரப்பு அரை சதுர சென்டிமீட்டர், கண்ணாடித் தடிமன் 0.7 மில்லிமீட்டர் என்று வைத்தால் வெறும் விரலுக்கும் திரைக்கும் இடையே மின்தேக்குத்திறன், அதாவது எவ்வளவு தாண்டும் என்பதற்கான அளவு, கிட்டத்தட்ட 4.4 பிகோஃபாரட். ஒரு பிகோஃபாரட் என்பது ஃபாரட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, அவ்வளவு பொடி. இப்போது அதே விரலுக்கு 2 மில்லிமீட்டர் கம்பளிக் கையுறை போடுங்கள். அந்த அரை சதுர சென்டிமீட்டர் கம்பளியின் பங்கு 0.3 பிகோஃபாரட்கூட வராது. இரண்டும் தொடராக இணைந்தால் சின்னதுதான் ஆளும், மொத்தம் 0.27 அளவில் நிற்கும். பதினாறில் ஒரு பங்கு! திரைக்கு இது ஏதோ தூசி, இரைச்சல், கண்டுகொள்ளத் தேவையில்லாத ஒன்று.

அடுத்து சாசேஜ். நுனி திரையில் படியும் பரப்பு அதே அரை சதுர சென்டிமீட்டர், ஆகவே கண்ணாடிக்குப் பழைய 4.4. பிளாஸ்டிக் உறை 0.05 மில்லிமீட்டர்தான் என்று வைத்தால் அதன் பங்கு 26 வரும், மெல்லிசாக இருப்பதால் தடையே இல்லாத மாதிரி. மிச்சம் கையுறை. அதே 2 மில்லிமீட்டர் கம்பளிதான், ஆனால் இப்போது அது விரல் நுனியில் இல்லை, சாசேஜைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு விரலிலும் கட்டைவிரலிலும் இருக்கிறது. பிடி பதினைந்து சதுர சென்டிமீட்டர் என்று கஞ்சத்தனமாகவே வைத்தாலும், விரல் நுனியைப் போல முப்பது மடங்கு. 8.6 பிகோஃபாரட். (பிடியின் பக்கம் உறை இருப்பதைக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை, அவ்வளவு பெரிய பரப்பு.) மூன்றையும் தொடரில் போட்டால் 2.6 வருகிறது. வெறும் விரலில் அறுபது விழுக்காடு. போனுக்கு இது தாராளம்.

முடிச்சு அங்கேதான் அவிழ்கிறது. சாசேஜ் செய்தது ஒரு தரகு வேலை. கையுறை அகலமாகப் பிடிக்கும் இடத்தில் வாங்கி, குறுகலான நுனியில் கொண்டுவந்து கொடுத்தது. உள்ளங்கை முழுக்கக் கிடைத்த பரப்பை விரல் நுனி அளவுக்குக் குவித்துக் கொடுத்தது. அதற்கு சாசேஜ் மின்சாரம் கடத்த வேண்டும்தான், ஆனால் எவ்வளவு நன்றாக?

இதற்கும் எண் சொல்லலாம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 200 கிலோஹெர்ட்ஸில், அதாவது மின்னழுத்தம் நொடிக்கு இரண்டு லட்சம் தடவை ஏறி இறங்கும்போது, அந்த 4.4 பிகோஃபாரட் காட்டும் தடை கிட்டத்தட்ட 1.8 லட்சம் ஓம். எட்டு சென்டிமீட்டர் நீள, விரல் பருமன் உப்பு இறைச்சியின் தடை சில நூறு ஓம். ஒண்ணே முக்கால் லட்சம் கடன்காரனுக்கு ஐநூறு ரூபாய் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? அதாவது உலோகக் கம்பியாக இருந்தாலும் சாசேஜாக இருந்தாலும் திரைக்கு வித்தியாசம் தெரியாது. உப்பே போடாத, சாசேஜை விட இருபது மடங்கு மோசமாகக் கடத்தும் காய்கறி என்றாலும் பத்தாயிரம் ஓம் அளவில்தான் வரும், அதுவும் பரவாயில்லை. காய்ந்த மரக்கட்டையோ பிளாஸ்டிக்கோ என்றால்தான் கதவு சாத்தப்படும். கடத்துமா என்ற பரீட்சையில் திரை வைத்திருக்கும் பாஸ் மார்க் ரொம்பக் குறைவு, அதைத் தாண்டினவருக்கெல்லாம் ஒரே மதிப்பெண். அதற்கு மேல் போட்டி முழுக்கப் பரப்பில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடம்பில் ஓடும் மின்சாரத்தைப் போன் உணர்கிறது, உடம்புச் சூட்டை உணர்கிறது, உயிர் இருந்தால்தான் வேலை செய்யும் என்றெல்லாம் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செத்து, அரைத்து, வேகவைத்து, உறையில் அடைத்த இறைச்சி பனியில் நின்று போன் எடுத்திருக்கிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

சரி, அடுப்படிச் சோதனைக்கு வருவோம். ஆண்ட்ராய்டு போனில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் பாயின்டர் லொகேஷன் என்று ஒன்று உண்டு. போட்டுவிட்டால் திரையில் தொடுகை எங்கே பதிகிறதோ அங்கே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு வந்து நிற்கும். தொடுகை பதியவில்லை என்றால் கோடே வராது. கையுறைக்கு, எப்போதோ ஊட்டியில் வாங்கி ஒரே ஒரு காலை மட்டும் போட்ட கம்பளி ஜோடி. சிக்கன் சாசேஜ் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி, குளிர் விட்ட பிறகு, கொரிய உறைக்குப் பதிலாக சமையலறைப் பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

கையுறை விரலுக்குக் கோடு வரவில்லை, அழுத்தி அழுத்திப் பார்த்தும் வரவில்லை. அதே கையுறையோடு சாசேஜைப் பிடித்து வைத்ததும் கோடு பளிச்சென்று வந்தது, இழுத்தால் கூடவே வந்தது. அப்புறம் ஆசை விடவில்லை. நுனியைத் தட்டையாக வெட்டிய கேரட் சாசேஜுக்குச் சமமாக நின்றது. வாழைப்பழம் தோலோடே வேலை செய்தது. வெண்டைக்காயின் கூர்முனைக்கு ஒன்றும் இல்லை, திருப்பி வெட்டிய காம்புப் பக்கத்தை வைத்தால் வந்தது: அதே காய், அதே கை, மாறியது பரப்பு மட்டும். இட்லி வேலை செய்தது, திரையைத் துடைக்கத்தான் நேரமாயிற்று. பொரித்த அப்பளம் இல்லை, அதில் தண்ணீரே மிச்சமில்லை. எவர்சில்வர் கரண்டியின் முதுகு விட்டு விட்டு வந்தது. கடைசியாகத் தையல் ஊசி, கையுறை இல்லாமல் வெறும் கையில் பிடித்து, கீறல் விழாமல் மெதுவாக வைத்தேன். அன்றைக்கு மேசையில் இருந்ததிலேயே ஊசியும் கரண்டியும்தான் மிக நன்றாகக் கடத்துபவை. ஊசிக்கு ஒரு அசைவும் இல்லை. கடத்துவதால்தான் என்று சொல்பவரிடம் ஊசியைக் காட்டினால் போதும்.

ஒரு சோதனையில் நானே ஏமாந்தேன். சாசேஜைத் திரை மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன், பதிந்திருக்கும் என்று நினைத்தேன். கோடு போய்விட்டது. பக்கத்தில் ஒரு விரலை வைத்ததும் திரும்ப வந்தது. ஐந்து ரூபாய் நாணயமும் அப்படியே, தனியாகக் கிடந்தால் ஒன்றுமில்லை, மேலே விரல் வைத்தால் தொடுகை. திரையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். விரலுக்குப் பின்னால் ஓர் உடம்பு இருக்கிறது, சுற்றுப்புறத்தோடு சேர்த்துப் பார்த்தால் அதுவே நூறு பிகோஃபாரட் அளவுள்ள பெரிய தொட்டி. துண்டு சாசேஜுக்கு ஒன்றிரண்டுகூடத் தேறாது, சட்டென்று நிரம்பிவிடும். கொரியர்கள் தொட்டது சாசேஜால் இல்லை, சாசேஜ் வழியாக, தங்கள் முழு உடம்பால்.

பாதை இதோடு முடியவில்லை. உடம்புக்குப் போனது திரும்பிப் போனின் சர்க்யூட்டுக்கே வந்தாக வேண்டும். போன் இடது கையில் இருந்தால் அந்தக் கையே திரும்பும் வழி, பிரச்சனை இல்லை. மெத்தை மேல் போட்டுவிட்டு ஒற்றை விரலால் தட்டினால் திரும்பும் வழி பலவீனமாகிவிடும், சில போன்கள் அப்போது தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மலிவு சார்ஜரில் செருகினால் போன் தானாக எழுத்து அடிப்பதும் இந்த வழியில் வரும் வினைதான்: சார்ஜரின் மின் இரைச்சல், போன் சுழியம் என்று வைத்து அளக்கும் மின்னழுத்தத்தையே ஆட்டுகிறது, விரல் வைத்ததும் அந்த ஆட்டமெல்லாம் விரல் வழியாகத் தொடுகைபோல் பதிகிறது. திரையைக் குறை சொல்லி மாற்றுவதற்கு முன் வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள்.

சியோலுக்குத் திரும்புவோம். சாசேஜ் யுகம் நீடிக்கவில்லை. விரல் நுனியில் வெள்ளி பூசிய நூல் கலந்த கையுறைகள் பரவின. அந்த நூல் நுனிக்கும் விரலுக்கும் நடுவே காற்றுக்கு இடமே வைக்காமல் தடிமனைத் தட்டிவிடுகிறது, சாசேஜ் பரப்பைக் கூட்டிச் செய்ததை அது வேறு பக்கத்திலிருந்து செய்கிறது. 2012இல் வந்த நோக்கியா லூமியா 920 திரையின் உணர்திறனையே ஏற்றி, சாதாரணக் கையுறையிலும் வேலை செய்தது. இப்போது பல போன்களில் செட்டிங்ஸில் தொடு உணர்திறன் என்று ஒரு பொத்தானாகவே வந்துவிட்டது. எல்லோரும் எப்போதும் அதைப் போட்டு வைக்காததற்குக் காரணம் உண்டு. கையுறை விரலின் 0.27 பிகோஃபாரட்டையும் தொடுகை என்று எடுத்துக்கொள்ளும் திரை, கண்ணாடியைத் தொடாமல் மேலே தொங்கும் விரலையும், மழைத்துளியையும், பாக்கெட் துணிக்கு அப்பால் இருக்கும் தொடையையும் எடுத்துக்கொள்ளும். எங்கே கோடு கிழிப்பது என்பது ஒவ்வொரு போன் செய்பவரும் போடும் பேரம்.

இதையெல்லாம் நான் தோண்டத் தொடங்கியது கொரியாவுக்காக இல்லை, அப்பாவுக்காக. நாற்பது வருஷம் உளி பிடித்த கை. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் காய்ப்பேறி, காய்ந்து, நகம் மாதிரி இறுகிக் கிடக்கிறது. போன் வந்தால் பச்சைப் பொத்தானை இழுக்க வராது, இரண்டாவது மூன்றாவது முறைக்குள் மணி நின்றுவிடும், உடனே என்னைத் திட்டுவார், நல்ல போனாக வாங்கித் தரத் தெரியவில்லை என்று. காய்ப்பேறிய தோலில் தண்ணீர் குறைவு, அது கையுறை மாதிரித் தடிமனைக் கூட்டுகிறது. போதாததற்கு மெத்தென்று நசுங்காததால் திரையில் படியும் பரப்பும் சுருங்கிவிடுகிறது. தடிமன், பரப்பு, இரண்டிலும் அடி. மேலே நான் ஒட்டிக் கொடுத்திருந்த தடித்த டெம்பர்டு கிளாஸ் வேறு.

அதை உரித்து எடுத்தேன், தொடு உணர்திறனை ஏற்றிவிட்டேன். பாயின்டர் லொகேஷன் போட்டு ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னேன், குழந்தைக்கு ரத்தம் எடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வைத்தார். கட்டைவிரலுக்குக் கோடு விட்டு விட்டு வந்தது. உளி படாத சுண்டுவிரலுக்கு முதல் தடவையே வந்தது. இப்போது போன் வந்தால் டீ கிளாஸ் பிடிக்கிற மாதிரி சுண்டுவிரலை நீட்டி இழுத்து எடுக்கிறார்.